மருந்து வைத்த கை

கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மொட்டைப்பாறைத் தோட்டத்துக்கு வழி எது என்று கேட்கவேண்டிய தேவை அந்த ஆறு மாதமும் யாருக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வான்கள் எந்தப் பக்கம் போகின்றனவோ அந்தப் பக்கம் நடந்தால் போதும். நானுஓயாவிலிருந்து வான் வரும். ராகலையிலிருந்து வான் வரும். ஒரு தடவை கொழும்பிலிருந்து ஏசி பஸ்ஸே வந்தது; பாதை குறுகல் என்பதால் பாலத்தடியில் நின்றுகொண்டது. வந்தவர்கள் மடியிலெல்லாம் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு கைப்பிடி சோறு. அதை யாரும் சாப்பிடக் கொண்டுவரவில்லை.

அது சந்தேகச் சோறு. மருமகள் வடித்ததை மாமியார் கொண்டுவருவாள். மாமியார் வடித்ததை மருமகள் கொண்டுவருவாள். அந்தச் சோற்றில் இடுமருந்து கலந்திருக்கிறதா இல்லையா என்பதை அன்னஜோதிச் சுவாமிகள் கண்ணெதிரே காட்டிவிடுவார்.

இடுமருந்து என்பது புருஷனை மயக்கவோ, ஆகாதவரை அழிக்கவோ சோற்றில் கலந்து கொடுப்பது. அது வயிற்றுச் சுவரில் பாசி மாதிரி ஒட்டிக்கொள்ளுமாம். ஏழு வருடமானாலும் இறங்காதாம். இறைச்சி இறங்குகிறது, பலாக்கொட்டை இறங்குகிறது, குழந்தை தவறி விழுங்கிய சட்டைப் பொத்தான்கூட இரண்டு நாளில் இறங்கிவிடுகிறது. இடுமருந்துக்கு மட்டும் இறங்குகிற வழி தெரியாது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவனுக்கும் யாரோ வைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

சோதனை நடக்கும் இடம் தோட்டத்துக் கோயில் மண்டபம். சுவாமிகளுக்குப் பக்கத்தில் ஒரு தணல் சட்டி எரியும். அது குளிருக்காக இல்லையாம், அக்கினி சாட்சியாம். கொண்டுவந்த சோற்றைச் சுடுதண்ணீரில் பிசைந்து, வடிகட்டி, அந்தக் கஞ்சியை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். சுவாமிகள் கண்ணை மூடுவார். செம்பிலிருந்து இரண்டே இரண்டு சொட்டுத் தீர்த்தம் விடுவார். பால் போல இருந்த கஞ்சி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மசி போலக் கறுத்துவிடும். சனம் “ஐயோ!” என்று வாயில் அடித்துக்கொள்ளும்.

அடுத்தது பரிகாரம். சுவாமிகள் ஒரு வாய் இளஞ்சூட்டுத் தண்ணீரை எடுத்து, இரண்டு கன்னமும் உப்ப வைத்துக்கொண்டு மந்திரம் சொல்லுவார். வாயை மூடிக்கொண்டு சொல்கிற மந்திரம் என்பதால் அதன் வார்த்தைகள் இன்றுவரை யாருக்கும் தெரியாது. பிறகு அந்தத் தண்ணீரைக் கறுத்த கிண்ணத்துக்குள் துப்புவார். கிண்ணம் தணலோரத்தில் வைக்கப்படும். சீடன் நிரோஷன் ஒலிபெருக்கியில் பஜனை தொடங்குவான். மூன்று பாட்டு முடிவதற்குள் கறுப்பு மெல்ல மெல்ல வெளிறி மறைந்துவிடும். நோயாளி அதைக் கண்ணில் ஒற்றிக் குடிக்கவேண்டும்.

லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிராக்காரர் வாய் வைத்த குவளையைச் சாம்பல் போட்டு விளக்காமல் வாங்காத சனம் அது. ஒரு மனிதன் வாய் கொப்பளித்த தண்ணீரைக் குடிக்க விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றது.

சுவாமிகளின் சோதனை ஒருநாளும் தப்பியதில்லை. ஆறு மாதத்தில் வந்த சோறு அத்தனையும் கறுத்தது. வெள்ளையாக நின்ற சோறு என்று ஒன்றுகூடக் கிடையாது. அதையே அவருடைய சக்திக்குச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அப்படிக் கறுத்த சோறுகளில் ஒன்று வினோதாவுடையது.

வினோதா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவள். புருஷன் ஜெயகாந்தன் தேயிலைக் கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றுகிறவன். அவனுக்கு மூன்று மாதமாக வயிற்றுவலி. வலி வந்தால் மடங்கி உட்கார்ந்துவிடுவான்; இடுப்புப் பட்டியில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாகிவிட்டது. டொக்டரிடம் போவோம் என்று வினோதா சொன்னபோதெல்லாம் “பேர் போயிரும்” என்றான். வேலைக்குப் போகாத நாளுக்குத் தோட்டத்தில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. ஆகவே அவன் போகவில்லை. அவனுடைய அம்மா காளியாயி போனாள், சுவாமிகளிடம். மருமகளின் பானையிலிருந்து ஒரு கைப்பிடி சோற்றை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள்.

தான் ஒரு கொலைகாரி என்பது வினோதாவுக்குப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பிய நேரத்தில்தான் தெரிந்தது. வாசலில் காளியாயி நின்றாள். பின்னால் பாதி லயமும் நின்றது.

“ஏழு வருசமா எம் புள்ளைக்கு என்னாடி போட்ட?”

“சோறு போட்டேன் அத்த. வேற என்னா போடுவேன்?”

“மசி மாதிரி கறுத்துச்சுடி! எங் கண்ணால பாத்தேன். கலியாணத்தன்னைக்கு வச்சது, இன்னும் வயித்துல ஒட்டிக்கிட்டு இருக்காம். மூணு ஞாயித்துக்கெழம தீர்த்தம் குடிக்கணும், இன்னைக்கு மொதத் தீர்த்தம் கொண்டாந்துட்டேன். மூணாவது நாளு ஒன்ன ராகலைக்கு, ஒங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிறணும். புள்ளைய விட்டுட்டுத்தான் போவணும்னு சாமி சொல்லிருச்சு.”

வினோதா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள். ஐந்து வயது மகள் நிலக்ஷி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். ஜெயகாந்தன் கட்டிலில் சுருண்டு கிடந்தான்.

“என்னாங்க, நீங்க ஒண்ணும் சொல்லமாட்டீங்களா?”

“ஒரு மூணு வாரந்தானே வினோதா,” என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டு. “அம்மா மனசுக்காகச் செஞ்சு பாப்போம்.”

புருஷன் நம்பியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவன் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மழைக்கு ஒதுங்குகிறவன் மாதிரி ஓரமாக ஒதுங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அவள் வழக்கம்போலச் சோறும் பருப்பும் சமைத்து வைத்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வந்தார்கள்; தூரத்தில் நின்றார்கள். “அம்மா திங்கக்கூடாதுன்னாங்க,” என்று ஒன்று சொன்னது. எண்பது பிள்ளைகளின் சோறு பானையோடு ஆறியது. அதிபர் அவளைக் கூப்பிட்டு, தமக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று நீண்ட விளக்கம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “இருந்தாலும் ஒரு மாசம் வீட்டுல இருங்களேன்,” என்றார்.

இரண்டாவது ஞாயிறு அவளும் மண்டபத்துக்குப் போகவேண்டியிருந்தது. குற்றவாளி முன்னால் உட்கார்ந்தால்தான் தீர்த்தம் பலிக்குமாம். இருந்ததிலேயே நல்ல பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கஞ்சி போட்டு, விறைப்பாக மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேலை. கெட்ட பெயர் எடுத்த நாளில் அழுக்குச் சேலையோடும் போய் நிற்பானேன் என்று நினைத்தாள்.

சுவாமிகள் அவளைப் பார்த்த பார்வையில் கருணை வழிந்தது.

“மகளே, ஒத்துக்கொண்டால் பாவம் பாதி குறையும்.”

“வச்சிருந்தா ஒத்துக்கிறேன் சாமி.”

“சாட்சி வேண்டுமா? பார்!” சுவாமிகள் செம்பை உயர்த்தி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆவேசமாகச் சாய்த்தார். இரண்டு சொட்டு கிண்ணத்தில் விழுந்தது. ஒரு சொட்டு தெறித்து அவளுடைய சேலைத் தலைப்பில் விழுந்தது.

கிண்ணம் கறுத்தது. சனம் வாயில் அடித்துக்கொண்டது. எல்லார் கண்ணும் கிண்ணத்தில் இருந்தது. வினோதா தன் தலைப்பைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு பொட்டு, அதே மசி நிறம்.

சுவாமிகள் கொப்பளித்தார், துப்பினார், நிரோஷன் பாடினான், ஜெயகாந்தன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். அவ்வளவு நேரமும் அவள் மனசில் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. சோற்றில் மருந்து வைத்தேன் என்கிறார்கள், சரி. சேலைக்குமா மருந்து வைத்தேன்? சேலைக்குப் போட்டது கஞ்சி. கஞ்சி வந்தது சோற்றிலிருந்து. அப்படியானால் இது மருந்தைக் கண்டு கறுக்கவில்லை. சோற்றைக் கண்டு கறுக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தலைப்பை மோந்து பார்த்தாள். கற்பூர வாசனைக்கு அடியில் வேறொரு வாசம். போன வருடம் விரலை வெட்டிக்கொண்டபோது பள்ளிக்கூடத்தில் பஞ்சில் நனைத்துப் போட்டுவிட்டார்களே, அந்த வாசம். போட்டுவிட்டவர் விஞ்ஞானம் படிப்பிக்கிற சுலக்ஷனா டீச்சர்.

மறுநாள் பின்னேரம் டீச்சரின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். டீச்சர் சேலைத் தலைப்பைப் பார்த்தார். பார்த்த உடனேயே அவருக்கு விளங்கிவிட்டது என்பதை அவருடைய முகம் சொல்லிவிட்டது.

“இது அயடீன் வினோதாக்கா. மாவுச்சத்து பட்டா நீலக்கறுப்பா மாறும். சோறு, பாண், கெழங்கு எல்லாத்துக்கும். வருசா வருசம் பிள்ளைகளுக்குச் செஞ்சு காட்டுறேன்.”

“அப்ப சாமி செய்யறதும் இதுதானா டீச்சர்?”

டீச்சர் அலுமாரியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். தண்ணீர் விட்டு மெலிதாக்கி, தன் வீட்டுச் சோற்றில் ஒரு சொட்டு விட்டார். கறுத்தது. பாண் ரொட்டித் துண்டில் விட்டார். கறுத்தது. வெட்டின உருளைக்கிழங்கில் விட்டார். அதுவும் கறுத்தது. நுவரெலியாக் கிழங்குக்கு யார் மருந்து வைத்திருப்பார்கள்?

“துப்புனா ஏன் டீச்சர் மறையுது?”

“செரிமானம் வயித்துல தொடங்கறதில்லக்கா. வாயிலேயே தொடங்கிருது. எச்சில்ல ஒரு நொதியம் இருக்கு. அது மாவுச்சத்தைச் சீனியா ஒடச்சிரும். சோத்த ரொம்ப நேரம் மென்னா இனிக்குமே, அதான். மாவுச்சத்து போயிருச்சின்னா நீலமும் போயிரும்.”

வினோதா கஞ்சியைக் கரைத்து, ஒரு சொட்டு விட்டுக் கறுக்க வைத்து, தானே அதில் துப்பினாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. பத்து நிமிஷம் போனது. ஒரு கணம் வினோதாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை சாமியின் வாயில் உண்மையிலேயே என்னவோ இருக்கிறதோ?

பிறகு அவளுக்குத் தணல் சட்டி நினைவு வந்தது. கஞ்சி ஆறி, ஐஸ் மாதிரி இருந்தது. கோப்பையை எடுத்துப் போய்ச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கறுப்பு செம்மண் நிறமாகியது. பிறகு வெளிறியது. பிறகு காணாமலே போனது.

“ஆமா,” என்றார் டீச்சர் மெதுவாக. “ஒடம்புச் சூடு இருந்தாத்தான் அது வேலை செய்யும். நான் மறந்துட்டேன்.”

“டீச்சர், நீங்க வந்து இத மண்டபத்துல சொன்னீங்கன்னா...”

“நான் வரமாட்டேன்.” டீச்சர் புட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். “நானும் போனேன் வினோதாக்கா. எங்க அண்ணி வடிச்ச சோத்த எடுத்துக்கிட்டு. கறுத்துச்சு. அன்னையிலருந்து அண்ணியோட பேசல.”

“ஒங்களுக்குத்தான் இது தெரியுமே!”

“தெரியும். அது பரீட்சைக்குப் படிச்சது. இது சாமி கையால நடந்துச்சு. ரெண்டும் ஒண்ணுன்னு அப்பத் தோணல.”

வினோதா எட்டாம் வகுப்போடு நின்றவள். படித்தவர்களுக்கு எல்லாம் விளங்கும் என்று அதுவரை நினைத்திருந்தாள். அந்த நினைப்பை டீச்சர் வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்தாள்.

வாரத்தை அவள் வாதாடியே கழித்தாள். அயடீன் என்றால் காளியாயி காதைப் பொத்திக்கொண்டாள். சனிக்கிழமை காலை ஜெயகாந்தன் கக்கூசிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது.

“தார் மாதிரி கறுப்பாப் போவுது,” என்றான்.

காளியாயி உடனே நிரோஷனுக்குப் போன் போட்டாள். பதில் உடனே வந்தது: மருந்து கரைந்து வெளியேறுகிறது, மிக நல்ல அறிகுறி, நாளைக்கு மூன்றாவது தீர்த்தத்தோடு சுத்தமாகிவிடும், இடையில் ஊசி கீசி போட்டால் மருந்து நெஞ்சுக்கு ஏறிவிடும்.

“நான் ஆட்டோவுக்குச் சொல்றேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்,” என்றாள் வினோதா.

காளியாயி வாசலை மறித்து நின்றாள். ஜெயகாந்தன் ஒருதடவை அம்மாவைப் பார்த்தான், ஒருதடவை மனைவியைப் பார்த்தான், கட்டிலில் விழுந்தான். “நாளைக்கி ஒரு நாளுதானே,” என்றான்.

வினோதாவுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. மாமியாரின் முன்னால் போய் நின்றாள்.

“அத்த, ஒரே ஒரு காரியம் செய்யுங்க. இன்னைக்கு நான் அடுப்புப் பக்கம் வரமாட்டேன். நாளைக்கு விடிய நீங்க எந்திரிச்சு, ஒங்க அரிசி, ஒங்க பானை, ஒங்க கையால வடிங்க. நீங்களே கொண்டு போங்க. யாரு வடிச்சதுன்னு மட்டும் சாமிக்கிட்ட சொல்லாதீங்க. அது வெள்ளையா நின்னுச்சுன்னா நான் அங்கேயிருந்தே ராகலைக்கு வான் ஏறிர்றேன். எம் புள்ளையக் கேக்கமாட்டேன்.”

“கறுத்துச்சுன்னா?”

“கறுத்துச்சுன்னா அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப நீங்க வாசல்ல நிக்கக்கூடாது.”

காளியாயி சிரித்தாள். முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்த கை அது. மூன்று பிள்ளைகளை வளர்த்த கை. “எங் கையி கறுக்குமாடி?” என்றாள். “சத்தியம்.”

ஞாயிறு. மண்டபம் நிரம்பி, வெளியில் குடை பிடித்து நின்றார்கள். ஒருவன் செல்போனை உயர்த்தி நேரலை போட்டுக்கொண்டிருந்தான். ஜெயகாந்தனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து தூணில் சாய்த்தார்கள். அவனுடைய முறை வந்தபோது காளியாயி தன் மடியிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினாள்.

“சாமி, எம் புள்ளைக்குக் குடுக்க முந்தி இன்னொரு சோறு பாத்துச் சொல்லணும்.”

“யார் வீட்டுச் சோறு தாயே?”

“சாமிக்குத் தெரியாததா?”

சனம் அந்தப் பதிலை ரசித்தது. சுவாமிகளும் ரசித்தார். கஞ்சி கரைத்தார்கள். இரண்டு சொட்டு விழுந்தது. கறுத்தது. அன்றைக்குப் பார்த்த எல்லாவற்றையும்விட நல்ல கறுப்பு. காளியாயி சம்பா அரிசியைக் குழைய வடித்திருந்தாள்.

வினோதா மாமியாரைப் பார்த்தாள். காளியாயியின் வாய் பாதி திறந்திருந்தது.

சுவாமிகளுக்கு அன்று நல்ல உற்சாகம். கண்ணை மூடிக்கொண்டு அள்ளி வீசினார்.

“பழைய கை! தேர்ந்த கை! இந்தச் சோற்றை வடித்தவள் நஞ்சு நெஞ்சுக்காரி. புகுந்த வீட்டைப் பொசுக்க வந்தவள். இந்தக் கை ஏற்கெனவே ஓர் ஆண்பிள்ளையைக் காவு வாங்கிவிட்டது. அடுத்த காவு இதோ, தூணில் சாய்ந்திருக்கிறது!”

காளியாயியின் புருஷன் இராமையா பதினொரு வருடத்துக்கு முன்னால் மண்சரிவில் போனவர். அவரைக் கையாலேயே தோண்டி எடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

“அது எஞ் சோறுடா!” என்றாள் காளியாயி.

நேரலை போட்டுக்கொண்டிருந்தவன் போனை அவள் பக்கம் திருப்பினான்.

“நான் வடிச்ச சோறுடா அது! எம் புருசன நானாடா கொன்னேன்?” எழுந்து இரண்டு எட்டு வைத்தாள். வேறு ஆயுதம் எதுவும் கையில் இல்லாததால், வாய் நிறையச் சேர்த்து, த்தூ என்று துப்பினாள். முகத்துக்கு வைத்த குறி தப்பிக் கிண்ணத்தில் விழுந்தது. இன்னொரு தடவை துப்பினாள். அதுவும் அங்கேயே விழுந்தது. கிண்ணத்தை ஏந்தியிருந்த நிரோஷன் பயந்துபோய், பழக்க தோஷத்தில் அதைத் தணலோரத்தில் வைத்தான்.

சுவாமிகள் அனுபவசாலி. சட்டென்று சமாளித்தார். “தாயே, உன் மருமகள் பானையைத் தொட்டிருக்கிறாள்.”

“தொடல! நேத்திலேருந்து அவ அடுப்பங்கரைக்கே வரல!”

“பார்வை பட்டாலே போதும்.”

அப்போது வினோதா எழுந்தாள். அவள் சுவாமிகளைப் பார்த்துப் பேசவில்லை, சனத்தைப் பார்த்துப் பேசினாள்.

“எல்லாரும் மடியில சோறு வச்சிருக்கீங்களே. ஒருத்தராவது ஒங்க கையால வடிச்ச சோத்தக் கொண்டாந்திருக்கீங்களா?”

சனம் தன் மடியிலிருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தது. ஒருவரும் கொண்டுவரவில்லை. ஆறு மாதமாக ஒவ்வொருவரும் அடுத்தவர் பானையைத்தான் சோதித்தார்கள். தன் பானையைச் சோதிக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“சரி. சாமி பசியாறக் கொண்டாந்த கேரியர் அந்தா இருக்கு. அதுல என் பார்வை படல. அத ஊத்திப் பாப்போம்.”

சுவாமிகள் கேரியரை எட்டிப் பிடிப்பதற்குள், ராகலையிலிருந்து வந்த ஒரு பெரிய உடம்புக்காரி அதைத் திறந்துவிட்டாள். உள்ளே சோறும் கோழிக்கறியும் இருந்தன. சுவாமிகள் மாமிசம் தொடாதவர் என்று நிரோஷன் காலையில்தான் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தான். அந்தச் சங்கடத்தை விசாரிக்க அப்போது நேரமில்லை. ஒருத்தி சோற்றைப் பிசைந்தாள். இன்னொருத்தி செம்பைப் பறித்து இரண்டு சொட்டு விட்டாள்.

கறுத்தது.

“சாமிக்கும் யாரோ வச்சிட்டாங்க!” என்று பின்னாலிருந்து ஒருவன் உருக்கமாகக் கூவினான். நம்பிக்கை என்றால் அப்படியல்லவா இருக்கவேண்டும்.

இந்தக் களேபரத்தில் தணலோரத்துக் கிண்ணத்தை எல்லாரும் மறந்திருந்தார்கள். அதை முதலில் பார்த்தவன் நிரோஷன். “சாமி,” என்றான். ஒலிபெருக்கி அவன் கையிலேயே இருந்ததால் மலை முழுக்கக் கேட்டது. “சாமி, இது வெள்ளையாயிருச்சு!”

பஜனை இல்லை. மந்திரம் இல்லை. காளியாயியின் கோபத்து எச்சில் இரண்டு வாய் விழுந்த கஞ்சி, தெளிந்துபோய் நின்றது.

வினோதா சொல்லத்தான் வாயெடுத்தாள்: எல்லார் எச்சிலும் இப்படித்தான், வாயில் போட்ட சோற்றைக் கரைக்கத்தான் அது ஊறுகிறது என்று. அதற்குள் கொழும்பிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், “ஆத்தா வந்துட்டா!” என்று அலறிக்கொண்டு காளியாயியின் காலில் விழுந்துவிட்டாள். பின்னால் நாலைந்து பேர் விழுந்தார்கள். ஒரு சாமி சாய்ந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு சாமியை நிறுத்திவிட்டார்கள். நடுவில் மூச்சு விடக்கூட நேரம் எடுக்கவில்லை.

“எந்திரிங்கடி!” காளியாயி காலை உதறினாள். உதறிய காலில், யாரோ கீழே வைத்துவிட்டிருந்த செம்பு தட்டி உருண்டது. தீர்த்தம் கொட்டியது. செம்புக்குள்ளிருந்து ஒரு சின்னத் தவிட்டு நிறப் புட்டி உருண்டு வந்து நேரலைக்காரனின் காலடியில் நின்றது. அவன் அதை எடுத்துப் போனுக்கு முன்னால் பிடித்து, லேபலில் இருந்த மூன்று மொழியில் தமிழைத் தேடி, சத்தமாக வாசித்தான்.

“அயடீன். வெளிப்பூச்சுக்கு மாத்திரம்.”

ஆறு மாதமாக அதை உள்ளுக்குச் சாப்பிட்டவர்கள் தங்கள் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குமேல் என்ன நடந்தது என்று வினோதா பார்க்கவில்லை. அவள் ஆட்டோவைக் கூப்பிட்டிருந்தாள். காளியாயி சத்தியத்தைக் காப்பாற்றினாள். வாசலை மறிக்கவில்லை, மகனின் ஒரு தோளைத் தானே பிடித்துத் தூக்கினாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் கமராக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். டொக்டர் சிங்களவர், தமிழைக் கல்லில் நடப்பதுபோலப் பார்த்துப் பார்த்துப் பேசினார். கணினித் திரையில் ஜெயகாந்தனின் வயிற்றைக் காட்டினார். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் ஒரு புண், அதிலிருந்துதான் ரத்தம். அந்த ரத்தந்தான் செரித்துப்போய்க் கறுப்பாக வெளியேறியிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆளே இல்லை.

காளியாயி திரைக்கு மிக அருகில் போய்ப் பாசியைத் தேடினாள். இல்லை.

“ஐயா, ஏழு வருசத்துக்கு முந்தித் தின்னது வயித்துல ஒட்டிக்கிட்டு இருக்குமாங்க?”

“அம்மா, காலைல தின்னது பின்னேரம் வயித்துல இருக்காது,” என்றார் டொக்டர். “வயித்துல ஆசிட் இருக்கு. எறைச்சியையும் கரைக்கும். வயிறு தன்னையே கரைக்காம இருக்க, உள்ளுக்கு வழுவழுன்னு ஒரு பூச்சு இருக்கு. அந்தப் பூச்ச ஒரு மருந்து கெடுத்திருக்கு.”

“மருந்தா?” காளியாயி நிமிர்ந்தாள். “பாத்தியா, மருந்துன்னு சொல்றாரு. யாருங்க வச்சது?”

டொக்டர் மேசையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். ஜெயகாந்தனின் சட்டைப் பையில் இருந்தது. சாக்குத் தூக்கித் தூக்கி வந்த இடுப்பு நோவுக்கு அவன் கடையில் வாங்கி, வெறும் வயிற்றில், ஒரு நாளைக்கு மூன்று நான்கு என்று மாதக்கணக்காக விழுங்கியது.

“இவர்தான் வச்சது,” என்றார் டொக்டர், கட்டிலில் கிடந்தவனைக் காட்டி.

ஜெயகாந்தன் இந்த முறையும் சுவரைத்தான் பார்த்தான்.

“இந்தப் பக்கம் திரும்புங்க,” என்றாள் வினோதா. அவன் திரும்பினான். “மூணு வாரம் செஞ்சு பாப்போம்னீங்களே, பாத்தீங்களா?” அவன் அழுதான். அவள் அழவிட்டாள், அழுது முடிந்த பிறகு வாய்க்குத் தண்ணீர் கொடுத்தாள்.

சுவாமிகளின் சொந்தப் பெயர் செல்லசாமி என்று பொலிஸ் மூலம் தெரிந்தது. முறைப்பாடு எழுத சார்ஜன்ட் ஒருவர் தோட்டத்துக்கே வந்தார். சிங்களத்தில் “மே மனுஸ்ஸயாகே கெல பிவ்வா” என்று பெயரோடு எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும், அதாவது இந்த ஆளுடைய எச்சிலைக் குடித்தோம் என்று. வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டில் அடுப்பு எரிகிறது என்று நழுவினார்கள். காளியாயி ஒருத்திதான் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் அவள் வினோதாவை மறுபடி பள்ளிக்கூட அடுப்படிக்கு அனுப்பினாள்; மதிய மணி அடித்தபோது தானும் அங்கே போனாள். அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகளின் வரிசையில், தரையில், தட்டோடு உட்கார்ந்தாள். “போடு புள்ள,” என்றாள் மருமகளிடம். வினோதா போட்டாள். காளியாயி எண்பது பிள்ளைகளும் பார்க்க ஒரு தட்டுச் சோற்றைச் சாப்பிட்டு, இரண்டாந்தரம் வாங்கினாள். அவள் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். மூன்றாந்தரம் வாங்குவதற்குள் பிள்ளைகள் பானையை மொய்த்துவிட்டன. டீச்சர்மார் வரிசையில் சுலக்ஷனா டீச்சரும் ஒரு தட்டை நீட்டினார். வினோதாவின் கண்ணைப் பார்க்காமல்தான் நீட்டினார்.

ஆனால் சனம் லேசில் விடுமா? அந்த நேரலையை யாரோ வெட்டி, காளியாயி துப்புவதையும் கிண்ணம் வெளுப்பதையும் மட்டும் ஒட்டி, மேலே ஒரு பக்திப் பாட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறு ஞாயிறே நானுஓயாவிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் லயத்து வாசலில் வந்து நின்றார்கள். கையில் பூ, பழம், ஒரு பெட்டிச் சோறு.

“ஆத்தா, எங்க மருமக வடிச்சதுங்க. நீங்க ஒரு தடவ துப்பிக் குடுத்தா...”

வினோதா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காளியாயி பெட்டியை வாங்கினாள். திறந்தாள். உள்ளே போய்க் கருவாட்டுக் குழம்பு எடுத்துவந்து மேலே ஊற்றினாள். இரண்டு பேரையும் படியில் உட்கார வைத்தாள்.

“தின்னுங்க.”

“ஆத்தா, மருந்து...”

“தின்னுங்கடின்னா!”

தின்றார்கள். பயந்து பயந்து முதல் கவளம், பசியில் இரண்டாவது, பிறகு குழம்பு ருசியில் பெட்டி காலி.

“எப்பிடி இருக்கு?”

“உப்பு கொஞ்சம் கம்மிங்க,” என்றாள் மூத்தவள்.

“அதான் ஓம் மருமகமேல உள்ள குத்தம். அத மட்டும் போய்ச் சொல்லு.” காளியாயி வெறும் பெட்டியை மூடி அவள் மடியில் வைத்தாள். “சோத்தையே மென்னுதான்டி முழுங்குறோம். ஊரான் சொல்றத மட்டும் ஏன் மெல்லாம முழுங்குறீங்க?”